கை நடுங்கினாலும் பேசலாம்: மேடை பயம் பற்றி ஓர் எளிய விளக்கம்

முதன்முதலாக நாற்பது பேருக்கு முன்னால் பேச எழுந்தபோது என் கையில் ஒரே ஒரு தாள் இருந்தது. விரல்களில் இருந்த நடுக்கம் பக்கத்தில் நின்றவருக்குக்கூடத் தெரிந்திருக்காது. ஆனால் தாள் அதை வாங்கிப் பெரிதாக்கிவிட்டது. அதன் மேல்முனை படபடவென்று அடித்துக்கொள்ள, மைக் அந்தச் சத்தத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. தாள் ஆடுவதைப் பார்த்ததும் பயம் ஏறியது. பயம் ஏற ஏற, தாள் இன்னும் ஆடியது. அதற்குப் பிறகு என்ன பேசினேன் என்பது இன்றுவரை எனக்கு நினைவில்லை. தாள் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

அன்று நான் செய்த தவறு பயந்தது என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். பிறகு மேடை ஏறுகிற பலரோடு பழகி, இதைப் பற்றிப் படித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: பயம் எல்லோருக்கும் வருகிறது. வந்த பயத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பவர்தான் தடுமாறுகிறார். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது பெரும்பாலும் இந்த ஒன்றைத்தான்.

மேடை பயம் என்பது எது?

சபைக் கூச்சம், அவையச்சம், மேடை நடுக்கம் என்று எப்படிச் சொன்னாலும் விஷயம் ஒன்றே. பலர் பார்க்க ஒரு காரியத்தைச் செய்ய வேண்டும். செய்வதை வைத்து நம்மை எடை போடுவார்கள் என்ற நினைப்பு வருகிறது. உடனே உடலும் மனமும் பதறுகின்றன. இதற்கு உண்மையிலேயே ஒரு மேடை இருக்க வேண்டும் என்றில்லை. நேர்முகத் தேர்வு, வாய்மொழித் தேர்வு, வீடியோ கூட்டத்தில் மைக்கை ஆன் செய்யும் நொடி, பெனால்டி உதைக்க ஓடிவரும் ஆட்டக்காரர் என எல்லாம் இதே கணக்குதான். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகத் தங்களை அறிமுகம் செய்துகொள்ளும்போது, தன் முறை நெருங்க நெருங்க மற்றவர்கள் சொல்வது எதுவுமே காதில் ஏறாமல் போகிறதே, அதுவும் இதுதான்.

திறமை இல்லாதவருக்குத்தான் இது வரும் என்று ஓர் எண்ணம் இருக்கிறது. அது தவறு. செல்லோ என்ற தந்திக் கருவியின் மேதை பாப்லோ காசல்ஸை இந்தப் பயம் வாழ்நாள் முழுவதும் விடவில்லை. நடிகர் லாரன்ஸ் ஒலிவியேவுக்கு அது 1960களில், ஐம்பது வயதைக் கடந்து புகழின் உச்சியில் இருந்தபோது வந்து சில ஆண்டுகள் ஆட்டிவைத்தது. மேடையில் தன் கண்ணைப் பார்க்க வேண்டாம் என்று உடன் நடித்தவர்களிடம் அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். அனுபவம் கூடக் கூடப் பயம் தானாகக் கரைந்துவிடும் என்று காத்திருப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

ஆபத்து என்று மூளைக்குத் தோன்றினால் அது நம்மிடம் ஆலோசனை கேட்பதில்லை. மூளையின் உட்பகுதியில் இருக்கும் அமிக்டலா என்ற சிறு பகுதி எச்சரிக்கை கொடுக்கிறது. தானியங்கி நரம்பு மண்டலம் முடுக்கிவிடப்படுகிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் கலக்கின்றன. சற்றுப் பின்னால் கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோனும் ஏறத் தொடங்குகிறது. அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-இல் இந்த ஏற்பாட்டை விவரித்தார். ஒன்று எதிர்த்து நிற்பதற்கு, இல்லையென்றால் ஓடித் தப்பிப்பதற்கு உடலைத் தயார் செய்வதுதான் இதன் வேலை.

இதைத் தெரிந்துகொண்டால் மேடையில் வரும் ஒவ்வொரு தொல்லைக்கும் காரணம் பிடிபடும். பெரிய தசைகளுக்கு ரத்தத்தைத் தள்ள வேண்டும், அதனால் நெஞ்சு படபடக்கிறது. தோலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, கை சில்லிட்டுப் போகிறது. அட்ரினலின் தசைகளின்மீதே நேராக வேலை செய்கிறது, விரல் நடுங்குகிறது. உயிர் பிழைக்க வேண்டிய நேரத்தில் செரிமானம் அவசரமில்லை என்று உடல் ஒத்திவைப்பதால் உமிழ்நீர் வற்றி நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. வயிற்றில் ஏதோ பிசைகிறது. தொண்டைத் தசைகள் இறுகி, மூச்சும் மேலோட்டமாகிவிடுவதால் குரல் மெலிந்து உதறுகிறது. வேக வேகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். தலை லேசாவதும் விரல் நுனி மரத்துப்போவதும் அதனால்தான்.

இந்தப் பட்டியலை மறுபடி ஒருமுறை பாருங்கள். இவற்றில் பழுது என்று எதுவும் இல்லை. மாடிப்படிகளை ஓடி ஏறினாலும் இதயம் இப்படித்தான் அடிக்கும். அப்போது நாம் பயப்படுவதில்லை. உடல் ஓர் ஓட்டத்துக்குத் தயாராகிவிட்டது, நாமோ அசையாமல் ஓரிடத்தில் நின்று பேச வேண்டியிருக்கிறது. இந்தப் பொருத்தமின்மைதான் எல்லாச் சங்கடத்துக்கும் மூலம்.

வெறும் மனிதர்கள் எப்படி ஆபத்தாகத் தெரிகிறார்கள்?

1993-இல் ஜெர்மனியின் ட்ரையர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை முறையை வெளியிட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் ஒருவருக்கு நிச்சயமாகப் பதற்றம் வரவைக்க வேண்டும். அதற்கு அவர்கள் கண்ட வழி எளிமையானது. ஒரு குழுவின் முன்னால் ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். முடிந்ததும் 1022-லிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார்கள். தப்பு செய்தால் மறுபடி 1022-லிருந்து. கார்ட்டிசால் பலருக்கும் இரண்டு முதல் நான்கு மடங்கு வரை ஏறியது. உலகெங்கும் மன அழுத்த ஆய்வுகளில் இன்றும் இந்த முறை பயன்படுகிறது.

இதில் என் கவனத்தைப் பிடித்தது அந்தக் குழு நடந்துகொண்ட விதம். அவர்கள் திட்டுவதில்லை, முறைப்பதும் இல்லை. சிரிக்காமல், தலையாட்டாமல், முகத்தில் எதையும் காட்டாமல் உட்கார்ந்திருப்பதற்குத்தான் அவர்களுக்குப் பயிற்சி. அதுவே போதுமானதாக இருக்கிறது. பதிலே காட்டாத முகத்தை, ‘பிடிக்கவில்லை’ என்று சொல்லும் முகமாக மூளை படித்துக்கொள்கிறது.

ஆனால் ஆழ்ந்து கேட்கும் ஒருவரின் முகம் எப்படி இருக்கும் என்று கவனித்திருக்கிறீர்களா? புருவம் சற்றுச் சுருங்கி, உதடு மூடி, அசையாமல் இருக்கும். நாம் மேடையில் இருந்து பார்த்து மிரள்கிற முகங்களில் பாதி இந்த வகைதான். அடுத்த முறை நீங்கள் பார்வையாளராக உட்காரும்போது உங்கள் முகத்தை மொபைல் திரையில் ஒரு கணம் பாருங்கள், நம்புவீர்கள்.

உள்ளே இருப்பது வெளியே தெரியுமா?

பயந்தவரின் பெரிய கவலை, தான் பயந்திருப்பது ஊருக்கே தெரிகிறது என்பதுதான். உளவியல் அறிஞர்கள் கென்னத் சாவிட்ஸ்கியும் தாமஸ் கிலோவிச்சும் இதை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டார்கள். பேச்சாளருக்குத் தன் பதற்றம் எவ்வளவு வெளியே தெரிவதாகத் தோன்றுகிறதோ, கேட்பவர்களுக்கு அதைவிடக் குறைவாகவே தெரிகிறது. நம் நெஞ்சின் அடி நம் காதில் இடிபோல் விழுவதால், அடுத்தவருக்கும் கேட்கும் என்று எண்ணிவிடுகிறோம். அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். மேடை ஏறுமுன் சிலரிடம் இந்த உண்மையைச் சொல்லி அனுப்பினார்கள். அதைக் கேட்டுவிட்டுப் போனவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். அவர்களுக்கும் அப்படித் தோன்றியது, கேட்டவர்களும் அப்படியே மதிப்பிட்டார்கள். ஒரு தகவலைத் தெரிந்துகொண்டதே மருந்தாக வேலை செய்த அபூர்வமான இடம் இது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

இதே கிலோவிச்சின் குழு 2000-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், கூச்சம் தரும் படம் போட்ட ஒரு டி-ஷர்ட்டைப் போடவைத்து மாணவர்களை அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று போட்டிருந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். நம்மைப் பார்க்க நமக்கு இருக்கும் அக்கறை அடுத்தவருக்கு இருப்பதில்லை.

தெரிந்தது ஏன் மறந்துபோகிறது?

படிக்கட்டில் வேகமாக இறங்கிக்கொண்டிருக்கும்போது, எந்தக் காலை எங்கே வைக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். கால் பின்னிக்கொள்ளும். பழகிய காரியங்கள் எல்லாம் கவனத்தின் உதவியில்லாமல் தாமாக ஓடும் தடத்தில் இருக்கின்றன. பதற்றத்தில் நாம் அந்தத் தடத்துக்குள் கையை விட்டு ஒவ்வொரு அசைவையும் கண்காணிக்கத் தொடங்குகிறோம். குரல் சரியாக இருக்கிறதா, விரல் சரியான இடத்தில் விழுந்ததா, அடுத்த வரி என்ன என்று நமக்குள்ளேயே ஒரு காவல்காரர் வந்து உட்கார்ந்துகொள்கிறார். போதாததற்கு, ‘சொதப்பினால் என்ன ஆகும்’ என்ற கவலையும் மனத்தின் இடத்தை அடைத்துக்கொள்கிறது. அடுத்த வரி வருவதற்கு அங்கே இடமில்லை.

1967-இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் பெருங்கூட்டத்தின் முன் பாடிய பார்பரா ஸ்ட்ரைசாண்டுக்குப் பாடல் வரிகள் மறந்துபோயின. அதன்பின் ஏறத்தாழ 27 ஆண்டுகள் அவர் கட்டணக் கச்சேரிகளைப் பெரும்பாலும் தவிர்த்தார். ஒரே ஒரு மறதிக்கு இவ்வளவு நீண்ட விலை. அவர் திறமையில் எந்தக் குறையும் இல்லை. தப்பித்துக்கொள்வது நமக்கு என்ன செய்கிறது என்பதை அது காட்டுகிறது.

ஒரு வாய்ப்பைத் தட்டிக்கழித்ததும் அப்பாடா என்று இருக்கும். அந்த நிம்மதிதான் சிக்கல். ‘ஓடியதால் தப்பித்தோம், அப்படியானால் அங்கே ஆபத்து இருந்தது உண்மைதான்’ என்று மூளை குறித்துக்கொள்கிறது. அடுத்த முறை பயம் இன்னும் சீக்கிரம் வரும். மேடைக்கே போய்விட்டு, தலை நிமிராமல் கடகடவென்று படித்து முடித்து இறங்குவதும் பாதித் தப்பித்தல்தான்.

அதனால் பயம் போகட்டும், பிறகு ஏறலாம் என்று இருக்காதீர்கள். ஏறிய பிறகுதான் அது குறையும். ஆனால் ஒரே நாளில் உச்சிப் படியில் போய் நிற்க வேண்டியதில்லை. முதலில் தனியாக, நின்றுகொண்டு, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மனத்துக்குள் ஓட்டிப்பார்ப்பது ஒத்திகை ஆகாது. பிறகு மொபைலில் பதிவு செய்துகொண்டு பேசுங்கள். வெறும் சிவப்புப் புள்ளி எரிந்தாலே நாக்கு குழறுவதைக் காண்பீர்கள். அந்தக் குழறல்தான் பயிற்சிக்கு வேண்டும். பிறகு ஒருவர் முன், மூன்று பேர் முன், அதிகம் தெரியாத ஒரு சிறு கூட்டத்தின் முன். ஒவ்வொரு படியிலும் படபடப்பு தணியும்வரை நில்லுங்கள்; உச்சத்தில் இருக்கும்போது இறங்கிவிட்டால் பழைய பாடமே மறுபடி பதியும். நெதர்லாந்தில் காவலர்களை, வலி மட்டும் தரும் பயிற்சித் தோட்டாக்களால் திருப்பிச் சுடும் எதிராளிகளோடு பயிற்சி செய்யவைத்தபோது, பிறகு அழுத்தத்திலும் அவர்களின் குறி கெடாமல் இருந்தது. வெறும் இலக்குகளைச் சுட்டுப் பழகியவர்களுக்கு அது கிடைக்கவில்லை. கொஞ்சம் பதற்றத்தோடு பழகியது பதற்றத்திலும் கைகொடுக்கிறது.

எதை மனப்பாடம் செய்வது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. முதல் இரண்டு வாக்கியங்கள், கடைசி வாக்கியம், இவை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். நடுவில் இருப்பது கருத்துகளாக இருந்தால் போதும். வரிக்கு வரி மனப்பாடம் செய்தவர் ஒரு சொல் நழுவினால் மொத்தமும் நழுவி நிற்பார். பாடுபவர்களும் வாசிப்பவர்களும் அப்படி விட முடியாது. அவர்கள் உருப்படியின் நடுவில் ஐந்தாறு இடங்களைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து நேராகத் தொடங்கிப் பழக வேண்டும். வழி தவறினால் அடுத்த குறிக்குத் தாவிவிடலாம்.

அன்றைக்கு என்ன செய்வது?

‘ஆழமாக மூச்சை இழு’ என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி அறிவுரை. பெரிது பெரிதாக இழுத்துக்கொண்டே இருந்தால் தலைசுற்றல்தான் மிஞ்சும். முக்கியமானது வெளியே விடுவது. மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு சற்று இறங்குகிறது. அதை இறக்குவது வேகஸ் என்ற நரம்பு. நான்கு எண்ணும் நேரம் உள்ளே, ஆறோ எட்டோ எண்ணும் நேரம் வெளியே. அவசரமில்லாமல் ஐந்து நிமிடம் செய்தால் போதும்.

முழுக்க அமைதியாகிவிட வேண்டும் என்று மல்லுக்கட்ட வேண்டாம். ஹார்வர்டின் ஆலிசன் வுட் ப்ரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அந்நியர்கள் முன் பாட வேண்டியவர்களில் சிலரைப் பாடுமுன் ‘எனக்கு உற்சாகமாக இருக்கிறது’ என்று வாய்விட்டுச் சொல்லவைத்தார்கள். ‘எனக்குப் பதற்றமாக இருக்கிறது’ என்று சொன்னவர்களைவிட இவர்கள் சுருதியும் தாளமும் பிசகாமல் பாடினார்கள். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. பதற்றத்திலும் இதயம் வேகமாக அடிக்கிறது, உற்சாகத்திலும் வேகமாகத்தான் அடிக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெயரை மாற்றுவது எளிது. ஓடுகிற இதயத்தை நிறுத்தி உட்காரவைப்பது கடினம்.

சில சின்ன விஷயங்களும் உண்டு. ஒற்றைத் தாளுக்குப் பதில் கெட்டியான அட்டையில் குறிப்பெழுதுங்கள். நடுக்கம் அதில் தெரியாது. கையெட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கட்டும். காபியைத் தள்ளிவையுங்கள், அது நடுக்கத்தைக் கூட்டும். கூட்டம் வருவதற்கு முன்பே போய் அந்த இடத்தில் நின்று மைக்கில் இரண்டு வார்த்தை பேசிப் பாருங்கள். முறை வருவதற்குச் சற்று முன் விறுவிறுவென்று நடப்பதும் நல்லது. ஓடத் தயாரான உடலுக்கு அது ஒரு வடிகால்.

மேடைக்குப் போனதும் உடனே வாயைத் திறக்காதீர்கள். இரண்டு காலையும் ஊன்றி நின்று, ஒரு முகத்தைத் தேர்ந்துகொண்டு, மூச்சை வெளியே விட்டு, அவரிடம் முதல் வாக்கியத்தைச் சொல்லுங்கள். பெரும்பாலும் முதல் நிமிடம்தான் உச்சம்; அதைத் தாண்டினால் உடல் தானாக இறங்கத் தொடங்கும். இடையில் மனம் ‘கை எப்படி இருக்கிறது, குரல் எப்படி இருக்கிறது’ என்று உள்ளே திரும்பும். திரும்பியதைக் கண்டதும் அதைக் கடிந்துகொள்ளாமல், அந்த முகத்துக்கு இந்த விஷயம் புரிந்ததா என்று வெளியே பாருங்கள். பாடுபவராக இருந்தால் அடுத்த ஸ்வரத்தின் ஒலி, நடிப்பவராக இருந்தால் எதிரே நிற்பவர் சொல்வது, ஆட்டக்காரராக இருந்தால் பந்து போக வேண்டிய மூலை. கவனத்துக்கு வெளியே ஒரு வேலை கொடுத்தால்தான் உள்ளே இருக்கும் காவல்காரர் எழுந்து போவார்.

மறந்துவிட்டால் நிறுத்துங்கள். கடைசியாகச் சொன்னதை வேறு வார்த்தைகளில் மறுபடி சொல்லுங்கள், அல்லது ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். தொடக்கத்திலேயே ‘எனக்குப் பேசி வழக்கமில்லை, தப்பிருந்தால் மன்னியுங்கள்’ என்று சொல்ல வேண்டாம் என்பேன். அதுவரை விஷயத்தைக் கேட்க வந்திருந்தவர்களை, தப்பைத் தேடுபவர்களாக நாமே மாற்றிவிடுகிறோம்.

மருந்து பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் ரகசியமாகக் கேட்பது இதைத்தான். ப்ரொப்ரனலால் என்ற பீட்டா பிளாக்கர் 1960களில் இதய நோய்க்காக ஜேம்ஸ் பிளாக் உருவாக்கிய மருந்து. 1988-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அட்ரினலின் இதயத்திலும் தசையிலும் செய்யும் வேலையைத் தடுப்பதால் படபடப்பும் நடுக்கமும் குறைகின்றன; இசைக்கலைஞர்களில் பலர் இதை எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது ஆபத்தானது, இதயத் துடிப்போ ரத்த அழுத்தமோ ஏற்கெனவே குறைவாக இருப்பவர்களும் நீரிழிவுக்காரர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மருத்துவர் பார்த்துச் சொல்லாமல், நண்பரிடம் ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்கிற காரியம் வேண்டவே வேண்டாம். மது அருந்திவிட்டு ஏறுவதும் அப்படித்தான். பயம் குறைவதுபோல் இருக்கும், கூடவே நினைவும் நாக்கும் போகும்.

இந்தப் பயத்தால் ஆறு மாதத்துக்கும் மேலாகப் படிப்போ வேலையோ பாதிக்கப்படுகிறது, வாய்ப்புகளை விட்டுக்கொண்டே போகிறீர்கள் என்றால், மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். மேடையில் மட்டும் வரும் பயம், சமூகப் பதற்ற நோயின் ஒரு வகையாக 2013 முதல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டிலேயே இடம்பெற்றிருக்கிறது. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை இதற்கு நன்றாகப் பலன் தருகிறது.

கடைசியாக, மேடையிலிருந்து இறங்கிய பிறகு வரும் இரவு. அன்றைக்கு நடந்ததில் கெட்டதை மட்டும் மனம் திரும்பத் திரும்ப ஓட்டிக்காட்டும். அதை நம்பி அடுத்த வாய்ப்பை மறுத்துவிடுவோம். முடிந்தால் பதிவை வாங்கிப் பாருங்கள், ஒரு வாரம் கழித்தாவது. நான் ஒருமுறை பேச்சின் நடுவே அடுத்த கருத்து மறந்து நின்றேன். அரை நிமிடமாவது நின்றிருப்பேன் என்றே நினைத்திருந்தேன். வீடியோவில் அந்த இடத்தை ஓடவிட்டு நேரத்தைப் பார்த்தேன்: நான்கு விநாடி. அந்த நான்கு விநாடியில் முன்வரிசையில் ஒருவர் குனிந்து, நான் அதற்கு முன் சொன்னதை எழுதி முடித்துக்கொண்டிருந்தார்.